கும்பாபிஷேகப் பத்திரிகையும் நின்றுபோன மெயிலும்

எங்கள் எஸ்டேட் ஆபீசின் மெயில் இப்போது ஏதோ ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் கையில் இருக்கிறது. பின்னறையில் வருஷக்கணக்காக முனகிக்கொண்டிருந்த பழைய சர்வரைப் போன மாதம் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு எதற்கோ ஆபீசுக்குப் போயிருந்த நானும் அதைப் பார்த்தேன். "அழுகை வந்துச்சா அக்கா?" என்று ஆபீஸ் பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அது என்னைப் படுத்தின பாட்டுக்குத் தேங்காய் உடைத்து அனுப்பியிருக்கலாம்.

அவர்கள் அடுத்துக் கேட்டதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைத்தது. "இனிமே மெயில் போகலைன்னா யாரைக் கேக்கறது? அந்தக் கும்பாபிஷேகக் கேஸ எழுதிக் குடுங்களேன்." சரி, எழுதுகிறேன். தற்பெருமை தூக்கலாக இருக்கும். வேலை பார்த்தவள் பெருமைப்படாமல் வேடிக்கை பார்த்தவனா படுவான்?

நான் பத்மாவதி. மலை ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ஆபீஸ் கிராணியாக, அதாவது கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். டைப்ரைட்டரில் தொடங்கினேன். பிறகு ஃபேக்ஸ் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று தோட்ட மேனேஜர், எங்கள் வழக்கில் துரை, கேட்டபோது ஆண் கிராணிகள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். ஈப்போவில் சில வாரம் வகுப்பு. திரும்பி வந்தபோது 'மெயில் கிராணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

என் மேலதிகாரி தேவதாஸ் சார். கம்பெனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர், ஈப்போ ஆபீசில் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். யாரோடு பேசினாலும் 'நீங்க'தான். அந்த மரியாதைக்குள்ளே ஒரு ஊசி இருக்கும். "சார், மெயில் ப்ராப்ளம்" என்று போனில் சொன்னால் அந்தப் பக்கம் சத்தமே வராது. லைன் அறுந்துவிட்டதோ என்று நாம் "ஹலோ" சொல்ல வேண்டும். அப்போதுதான் வாயைத் திறப்பார்.

"பத்மாவதி அம்மா, போகலையா, வரலையா?"

இரண்டும் ஒன்றுதானே என்று முதலில் நினைத்தேன். இல்லை. நம் வீட்டை விட்டே கிளம்பாத மெயில் ஒரு வகை. கிளம்பிப் போய் அடுத்தவர் வாசலில் திருப்பி விரட்டப்பட்டது இன்னொரு வகை. வாசலைத் தாண்டி உள்ளே போய், வீட்டுக்காரர் கண்ணில் படாமல் கிடப்பது மூன்றாவது வகை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த வகை என்று தெரியாமல் எதையும் தொட விடமாட்டார். யார் அனுப்பினார்கள், யாருக்கு, எப்போது, திரும்பி என்ன வந்தது என்று கேட்பார். திரும்பி வந்த மெயிலில் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார். "அர்த்தம் சொல்லாதீங்க அம்மா. இருக்கறத மட்டும் படிங்க" என்பார்.

கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. எவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டுச் சொன்னாலும் ஒரே பதில்: "சரி. அடுத்தது?"

ஒரு முறை ஆபீசில் இடி விழுந்தது. மேட்டு நிலத்தில் அது சாதாரணம். மறுநாளிலிருந்து எங்கள் மெயில் யாருக்குமே வரவில்லை என்று புகார். எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், இடியில் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கிறது. மெயில் எல்லாம் போய்ச் சேர்ந்து, அவரவர் பெட்டியில் பழைய மெயில்களுக்கு அடியில் பத்திரமாகப் படுத்துக்கிடந்தது. தேதியைத் திருத்திவிட்டு சாருக்குப் போன் போட்டேன். "சரி. அடுத்தது?" எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு ரெண்டு கிளாஸ் டீ குடித்தேன்.

இப்போது பெரிய கேஸுக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பேக்கிங் ரூம் ஒன்று உண்டு. தேயிலையைச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். வேலை செய்வது முழுக்கப் பெண்கள். அதற்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது ஜெர்மனியில் இருந்த ஒரே ஒரு வியாபாரக் கம்பெனி. அவர்கள் ஆர்டர் நின்றால் ரூமை மூடவேண்டியதுதான். தோட்டத்தில் வேலை இருக்கிறவரைக்கும்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இடம். என் தங்கை கோகிலா அங்கே வேலை செய்தாள். அவள் புருஷன் இறந்து, ரெண்டு பெண் பிள்ளைகளோடு அந்த லயத்து வீட்டில் இருந்தாள்.

அந்த வருஷம் மகளின் பிரசவத்துக்காக நான் சுங்கை சிப்புட்டில் சில வாரம் தங்கிவிட்டுத் திரும்பினேன். பையைக்கூட இறக்கிவைக்கவில்லை, கோகிலா வாசலில் நிற்கிறாள்.

"அக்கா, பேக்கிங் ரூம மூடப் போறாங்களாம்லா."

"யாரு சொன்னா?"

"துரையே சொல்லிட்டாரு. ஜெர்மன்காரங்க நம்மள விட்டுட்டு வேற தோட்டத்துக்குப் போறாங்களாம். நம்ம பதிலே போடலைன்னு கோவமாம். வீட்ட விட்டா நான் எங்கக்கா போவேன்? பெரியவளுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை வேற."

பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷம் அந்த நிமிஷமே போய்விட்டது. அப்படியே ஆபீசுக்கு நடந்தேன்.

துரை தைப்பிங்கில் பிறந்த தமிழர். நல்ல மனுஷன், ஆனால் அவசரக் குடுக்கை. விலை, பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஜெர்மனிக்கு ஒரு தடவைக்கு நாலு தடவை அனுப்பியிருக்கிறார். அவர்களோ எதுவும் வரவில்லை என்கிறார்கள். இவர் என்ன செய்தார்? தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அதே காகிதங்களை அனுப்பினார். குறுக்கு வழி. கடைசியில் அதுவே வினையாகிவிட்டது. 'இது உங்கள் கம்பெனி முகவரி இல்லை. உங்கள் பெயரில் யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சந்தேகிக்கிறோம். இனி எந்தப் பேச்சும் கம்பெனி முகவரியிலிருந்து வந்தால்தான்' என்று அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள கம்பெனி மெயில்ல பேப்பர் போய்ச் சேரணும் பத்மா. இல்லைன்னா முடிஞ்சுது" என்றார் துரை. முகம் வாடிப்போயிருந்தது.

தேவதாஸ் சாருக்குப் போன் போட்டேன். போகலையா வரலையா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நானே சர்வரைத் திறந்து பார்த்து வைத்திருந்தேன். எங்கள் மெஷின் அனுப்பியிருக்கிறது. ஜெர்மனி மெஷின் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறது.

"அப்ப மூணாவது வகை சார். வாசல் தாண்டி உள்ள போயிருக்கு. யார் கண்ணுலயும் படல."

"சரி. எங்க கெடக்குன்னு அந்த வீட்டுக்காரங்களத்தான் தேடச் சொல்லணும். கேளுங்க அம்மா."

கேட்பது எப்படி? மெயில் அனுப்ப முடியாது. ஜெர்மனிக்குப் போன் போட்டேன். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே காலை. கொள்முதல் பார்க்கிற ஹெல்கா என்ற அம்மாள் எடுத்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மன்னிக்கவேண்டும், நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, ஏற்கெனவே ஒரு சந்தேகமான மெயில் வந்திருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"உங்க அலமாரியில எங்க டீ பாக்கெட் இருக்குமே, அத எடுங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "அதுக்குப் பின்னால எங்க ஆபீஸ் நம்பர் அச்சடிச்சிருக்கு. நான் போன வெச்சிடறேன். நீங்களே அந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

வைத்துவிட்டுக் காத்திருந்தேன். துரையும் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றுகொண்டார். மணி அடித்தது. எடுத்தால் ஹெல்கா. குரலே மாறியிருந்தது. அந்தப் பாக்கெட்டைக் கோகிலாவோ அவளுக்குப் பக்கத்தில் நின்றவளோதான் அடைத்திருப்பாள். அதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அவர்கள் ஆட்கள் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் சொன்னார்கள். எங்கள் மெயில் அத்தனையும் சந்தேகப் பெட்டியில் கிடக்கிறது. காரணம், எங்கள் சர்வர் உலகம் முழுக்கப் பார்க்கிற ஒரு கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. குப்பை மெயில் அனுப்புகிறவர்களைப் போடுகிற பட்டியல். அந்தப் பெட்டியில் இருப்பதை எடுத்துப் பார்க்க அவர்கள் சட்டம் இடம் கொடுக்காது. நீங்கள் பட்டியலிலிருந்து வெளியே வந்து மறுபடி அனுப்புங்கள் என்றார்கள்.

நாங்கள் குப்பை அனுப்புகிறோமா? எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் சர்வர் அது.

அன்று மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து என் சித்தப்பா மகன் கணேசன் கூப்பிட்டான். பேரப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு, "ஆமா, நம்ம கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை மூணு தரம் வந்திருக்கு போல. மூணும் ஜங்க்லதான் கெடந்துச்சு. இப்பத்தான் பாக்கறேன்" என்றான்.

"எந்த அட்ரஸ்லேருந்து வந்துச்சு?"

"ஆபீஸ் அட்ரஸ்தான். வேற எங்கேருந்து வரும்?"

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.

இது எங்கள் தோட்டத்து வழக்கம். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே மாரியம்மன் கோயில் அழைப்பு எஸ்டேட் ஆபீசிலிருந்துதான் போகும். முன்பு தபாலில், ஆபீஸ் முத்திரையோடு. கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்வது எப்போதோ வருகிற காரியம் என்பதால், இந்தத் தடவை தோட்டத்தை விட்டுப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று உலகம் முழுக்க முகவரி சேர்த்திருக்கிறார்கள். பாதி முகவரி செத்துப்போனவை. கமிட்டிச் செயலாளர் ராமையா அண்ணன், ஃபேக்டரியில் தேயிலை பக்குவம் பார்த்து ஓய்வு பெற்றவர், துரையிடம் கேட்டுக்கொண்டு ஆபீசிலேயே உட்கார்ந்து, அம்மன் படத்தோடு ஒரேயடியாக எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். ஒரு தரம் இல்லை. மறுபடி, மறுபடி.

முகவரி இல்லையென்று மெஷின் தானாகத் திருப்பி அனுப்பிய மெயில்களைப் பார்க்கவில்லையா என்று பிறகு அவரிடம் கேட்டேன். "யாரோ ஒரு வெள்ளைக்காரன் இங்கிலீஷ்ல விடாம எழுதிக்கிட்டே இருந்தான்மா. தொல்ல தாங்கல. அழிச்சுட்டேன்" என்றார்.

சாரிடம் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டியல் வைத்திருக்கிறவர்களுக்கு எழுதிக் கேட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், ஆனால் தப்பு எங்கே நடந்தது, நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்பார்கள் என்றார்.

"நிறுத்திட்டோம்னு எழுதிடவா சார்? அடுத்த வெள்ளிக்கெழம இன்னொரு தரம் அனுப்பப் போறாங்களாம். அதுக்குள்ள பேசி நிறுத்திடுவேன்."

"மொதல்ல நிறுத்துங்க அம்மா. அப்புறம் எழுதுங்க. ஒரு தரம் எடுத்த பேர மறுபடி சேத்தாங்கன்னா லேசுல எடுக்க மாட்டாங்க."

ஆக, ஜெர்மனி மெயிலைச் சரிசெய்ய நான் போகவேண்டிய இடம் சர்வர் இருந்த பின்னறை இல்லை, கோயில் மண்டபம். கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஆண்கள், எல்லாரும் எனக்கு அண்ணன் முறை, மாமன் முறை.

விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மன் பத்திரிகையால கம்பெனி கெட்டுப்போச்சுங்கறியா பத்மா?" ராமையா அண்ணன் குரல் தணிந்துதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மனால இல்லண்ணே. நாம கூப்பிட்ட விதத்தால."

"கூப்பிட்ட விதத்துல என்னா குத்தம்? ஒரு தரம் சொன்னா ஒப்புக்குச் சொன்னது. மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனசாரக் கூப்பிட்டது. உன் கல்யாணத்துக்கு உங்கப்பாகூட நானும் மூணு தரம் லயம் லயமா நடந்தேன்."

"வாசல்ல வந்து கூப்பிட்டா அது மரியாதைண்ணே. இந்த மெஷினுக்கு வாசலும் தெரியாது, மரியாதையும் தெரியாதுலா. ஒரே சேதிய ஊருக்கெல்லாம் திரும்பத் திரும்ப அனுப்புனா, அதுக்கு நாம லேகியம் விக்கிறவன் மாதிரிதான்."

யாரோ ஒருவர், வேறு புது முகவரியிலிருந்து அனுப்பிவிடலாமே என்றார். ராமையா அண்ணன் கையை வீசி மறுத்தார்.

"ஆபீஸ்லேருந்து போகாதது பத்திரிகையா? கம்பெனி கூப்பிடல, கமிட்டி தனியாக் கூப்பிடுதுன்னு நாளைக்குப் பேச்சு வரும். எங்கப்பன் காலத்து வழக்கத்த நான் மாத்த மாட்டேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வழக்கத்தோடு மல்லுக்கு நின்றால் நான்தான் தோற்பேன். அப்போது அவர் சொன்ன பழைய கதையே எனக்குக் கை கொடுத்தது.

"அண்ணே, என் கல்யாணத்துக்கு எல்லா லயத்துக்கும் நீங்க ஒருத்தரேவா நடந்தீங்க?"

"அது எப்படி முடியும்? லயத்துக்கு ஒரு ஆள் பிரிச்சுக்கிட்டோம்."

"இதையும் அப்படியே பிரிப்போம். ஊருக்கு ஒரு ஆள். சிங்கப்பூருக்கு ஒருத்தர், மெல்பர்னுக்கு ஒருத்தர், கிள்ளானுக்கு ஒருத்தர். ஆபீஸ் பத்திரிகை அவங்க கைக்கு மட்டும் போகட்டும், துரை பேரோட. அங்கேருந்து அவங்க வீடு வீடாப் போன் போட்டு மூணு தரம் என்ன, முப்பது தரம் கூப்பிடட்டும்."

நானே தொடர்ந்தேன். "பேக்கிங் ரூம மூடிட்டா அந்தப் பொம்பளைங்க எல்லாம் லயத்த விட்டுப் போயிடுவாங்க. நாளைக்குப் பால்குடம் எடுக்க யாருண்ணே இருப்பா? கோகிலாவும் அதுல ஒருத்தி."

அவர் அம்மன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சிங்கப்பூருக்குக் கணேசனப் போடு" என்றார். "அவனுக்குத்தான் வாய் சும்மா இருக்காது."

மறுநாள் காலையில் ஆபீஸ் முகவரியின் பாஸ்வேர்டை மாற்றினேன். ராமையா அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊருக்கு ஒரு ஆளைத் தானே சொன்னார். அந்தச் சிலருக்கு மட்டும் பத்திரிகை போனது. பிறகுதான் பட்டியல்காரர்களுக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி, கோயில், கும்பாபிஷேகம், மூன்று முறை அழைக்கும் வழக்கம் எல்லாம் சொல்லி எழுதினேன். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த மெஷினுக்கு மட்டும் உரிமை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பதிந்து வைக்கும் முறை ஒன்று உண்டு. எங்களுக்கு அது அரைகுறையாக இருந்தது. சார் போனில் வரிவரியாகச் சொல்ல, நான் வரிவரியாகத் திருத்தினேன். இனி எவனும் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரமுடியாது.

சில நாளில் பெயர் நீங்கியது. துரையின் மெயிலை நானே அனுப்பினேன், கம்பெனி முகவரியிலிருந்து. அனுப்பிவிட்டு ஜெர்மனியில் பொழுது விடிகிறவரைக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் ஹெல்காவிடமிருந்து பதில் வந்தது: எல்லாம் கிடைத்தது, நேராக வந்தது, ஆர்டரைத் தொடருகிறோம். துரை அதை அச்செடுத்துத் தன் கையாலேயே பேக்கிங் ரூம் கதவில் ஒட்டினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களும் அதன் முன்னால் நின்று பார்த்தார்கள். கோகிலா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்கத் தேயிலை வாசனை.

சாருக்குச் சொன்னேன். "சரி. அடுத்தது?"

கும்பாபிஷேகத்துக்கு வந்த கூட்டம் போல எங்கள் தோட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரிஞ்சாங் வரைக்கும் கார் நின்றது. கணேசன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பஸ்ஸே பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஊருக்கு ஒரு ஆள் என்பதை ராமையா அண்ணன் தன் யோசனை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். கோகிலா இன்னும் அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறாள். மூத்தவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

நான் ஓய்வு பெற்றபோது ஆபீசில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். அழைப்பு மெயிலில் போனது. அதுதான் அந்த சர்வரில் நான் கடைசியாகச் சரிபார்த்து அனுப்பியது. தேவதாஸ் சார் மூட்டு வலியால் எனக்கு முன்பே வேலையை விட்டுக் கிள்ளானில் மகனோடு இருந்தார். மலை ஏற முடியாது. அன்று காலையில் அவர் போன் வந்தது.

"பத்மாவதி அம்மா, உங்க அழைப்பு வந்துச்சு."

"எங்க வந்துச்சு சார்?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"ஜங்க்ல இல்ல. நேரா இன்பாக்ஸ்ல."

வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். போனில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ" சொன்னேன்.

"அடுத்தது ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப நல்லா செஞ்சீங்க" என்றார்.

அழுகை வந்ததா என்று கேட்ட ஆபீஸ் பிள்ளைகளே, சர்வருக்கு வரவில்லை. அதற்கு வந்தது.